எஞ்சின் நின்ற பிறகும் ஓடுகிற பம்ப்

சன்னல் ஓரம் உங்களுக்கே இருக்கட்டும் தம்பி, நான் கேட்கவில்லை. காலை மட்டும் கொஞ்சம் மடக்கினால் இந்தப் பையை இப்படி வைத்துக்கொள்வேன். மேலே போட்டால் நசுங்கிவிடும். கச்சாயம். எங்கள் பக்கத்து வெல்லப் பலகாரம், என் வீட்டுக்காரி மயிலாத்தா நேற்று முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து சுட்டது. அடியில் ஒரு டப்பா இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்காதீங்க. அது இருப்பது மயிலாத்தாவுக்கே தெரியாது.

நீங்களும் ஓசூரா? நல்லதாகப் போச்சுங்க. தருமபுரியில் இறங்குகிற ஆளாக இருந்தால் பாதிக் கதையோடு இறங்க வேண்டியிருக்கும். பாதிக் கதை கேட்டவர்கள்தான் என்னைப் பற்றி ஊருக்குள் தப்பாகப் பேசித் திரிகிறார்கள்.

என் பேர் ஆறுக்குட்டி. பேரை மனசில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும். காரமடையில் வந்து 'ஆறுக்குட்டி ரீவைண்டிங் ஒர்க்ஸ்' எங்கே என்றால் ஆடு மேய்க்கிறவர்கூடக் கை காட்டுவார். முப்பத்திரண்டு வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், எரிந்துபோனதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கருகின கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, நாடா கட்டி, வார்னிஷ் அடித்துக் கொடுப்பேன். அந்தப் பக்கம் ஓடுகிற பம்பில் பாதி என் கை பட்டதுதான். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், தண்ணீர் எடுக்கிறதா, காற்றை எடுக்கிறதா, பேரிங் போச்சா என்று. போனில் கேட்டே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை மட்டும் பெள்ளாதியிலிருந்து ஒருத்தர் போனை நீட்டிப் பிடித்தார், நான் பேரிங் போச்சு என்றேன். பார்த்தால் அது பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அவர் மாமனாருடைய குறட்டை. அது போன் கோளாறு. காதுக் கோளாறு இல்லை.

மயிலாத்தாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். "இவரு கை வெச்ச ஃபேனு ஒண்ணுல வெச்சாலும் அஞ்சுலதான் சுத்துது" என்பாள். குறைவாகச் சுற்றினால்தானே தம்பி குறை சொல்ல வேண்டும்? கிரைண்டர் பின்பக்கமாகச் சுற்றுகிறது என்று இன்னொரு புகார். மாவு அரைகிறதா இல்லையா? அரைகிறது. எந்தப் பக்கம் சுற்றினார்கள் என்று மாவுக்குத் தெரியுமா?

அது கிடக்கட்டும். மகள் கதைக்கு வருகிறேன்.

ஒரே மகள், கோகிலவாணி. இன்ஜினியருக்குப் படித்துவிட்டு ஓசூரில் வேலை. என்ன வேலை என்று கேளுங்க. பம்ப்! எனக்குப் பிறந்தது வேறு எதற்குப் போகும்? வேலை கிடைத்த அன்றைக்கு வீதி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம்தான் விவரம் தெரிந்தது. காரில் எஞ்சின் சூட்டைத் தணிக்க உள்ளே தண்ணீர் சுற்றுகிறது இல்லையா, அதைத் தள்ளிவிடுகிற பம்ப். கைக்குள் அடங்கும். சரி, சின்னதோ பெரியதோ, காயில் கட்டுகிறாயா என்றால் அதுவும் இல்லை. அந்தப் பம்ப் எப்போது ஓட வேண்டும், எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதுகிறாளாம். அதற்கென்று ஒரு பெட்டி, தீப்பெட்டி நாலைச் சேர்த்து வைத்த அளவு. அது தண்ணீர் எவ்வளவு சூடு என்று பார்க்கும், வண்டி மேடு ஏறுகிறதா என்று பார்க்கும், பார்த்துவிட்டுப் பம்புக்கு உத்தரவு போடும். இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினாள் தம்பி. பம்புக்கு எழுத அப்படி என்னங்க இருக்கிறது? ஆன், ஆஃப். என்னிடம் கேட்டிருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பேன்.

பழைய காரில் எஞ்சின் சுற்றினால் பெல்ட் சுற்றும், பெல்ட் சுற்றினால் பம்ப் சுற்றும். எஞ்சின் நின்றால் எல்லாமே நிற்கும். வீடு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு வேண்டாமா? இவளுடைய பம்ப் கரண்டில் ஓடுவது. பெல்ட் கிடையாது, அதனால் எஞ்சினுக்கு அடக்கமும் கிடையாது. காலையில் ஆறிக் கிடக்கிற எஞ்சினைக் கிளப்பினால் எஞ்சின் ஓடும், இது ஓடாது. "எஞ்சின் சீக்கிரம் சூடேறட்டும்ப்பா, அப்பத்தான் பெட்ரோல் கம்மியாக் குடிக்கும்" என்பாள். பந்தியில் ஊரே உட்கார்ந்த பிறகு சாம்பார் வாளிக்காரர் சுவரில் சாய்ந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. சரி, போகட்டும் என்று விட்டேன். இன்னொன்று இருக்கிறது பாருங்க, அதைத்தான் விட முடியவில்லை.

போன வருஷம் சித்திரை மாசம். புனேயிலிருந்து ஒரு கார் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் வருகிறார்கள். இவளுடைய பெட்டியைப் பொருத்தின ஒரு காரில் நாலு பேரையும் மணல் மூட்டையையும் ஏற்றி, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு விரட்டி, மேலே போய் நிறுத்தி, எஞ்சின் சூடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிடித்துப்போனால் இவளுடைய பெட்டி அவர்களுடைய புதுக் காரில் ஏறும், அந்த வேலைக்கு இவள்தான் தலைமை. பிடிக்கவில்லை என்றால் இரண்டு வருஷம் எழுதினது அத்தனையும் வீண். அவர்கள் வருவதற்கு முதல் நாள், இவளும் கூட வேலை பார்க்கிற ஜெபின் என்கிற பையனும் அந்தக் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார்கள். ஜெபின் நாகர்கோயில் பக்கம். நல்ல பையன். மூன்று தடவை ரசம் வாங்கிக் குடித்தான்.

காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் காது அங்கேயே இருந்தது. ம்ம்ம்ம் என்று ஒரு சத்தம்.

"கண்ணு, மோட்டாரை நிறுத்தாம வந்துட்ட" என்றேன்.

"எந்த மோட்டாருப்பா?"

"கார்ல ஓடிட்டிருக்குது. எந்திரிச்சுப் போய் நிறுத்திட்டு வா."

"அது ஓடட்டும்ப்பா. எஞ்சினை நிறுத்துனா தண்ணி நின்னுரும், சூடு நிக்காது. உள்ளயே ஏறும். அதனால பம்ப் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும். சூடு எறங்குனதும் தானா நின்னுக்கும்."

"தானா நிக்குமா?"

"தானா நிக்கும்."

"எந்த மோட்டாரு கண்ணு தானா நின்னுருக்குது? எரிஞ்சு போனாத்தான் தானா நிக்கும்."

ஜெபின் சிரித்துவிட்டான். "அங்கிள் சொல்றதும் கரெக்ட்தான்" என்றான். மயிலாத்தா அவன் இலையில் சோற்றைத் தள்ளினாள். "நீ சாப்புடு சாமி. அவரு கூடப் பேசுனா ரசம் ஆறிப்போயிரும்."

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றரை நிமிஷம் ஓடியது. அப்புறம் நின்றது. அவள் சொன்னபடியே தானாக நின்றது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது. தானாக நிற்கிற மோட்டார் தானாக ஓடவும் செய்யுமே! கல்யாணம் முடிந்து, பந்தலைப் பிரித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு மேளக்காரர் மட்டும் தனியாக உட்கார்ந்து வாசித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தப் புனேக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? ஆறுக்குட்டி மகளுக்கு ஒரு மோட்டாரை நிறுத்தத் தெரியவில்லை என்று நினைக்க மாட்டார்களா?

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளை எழுதினதில் எங்கேயோ தப்பு விழுந்திருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வேண்டுமென்றே ஓடுகிறது என்று சமாளிக்கிறாள். பெற்றவனுக்குத் தெரியாதா? பத்தாவதில் கணக்கில் மார்க் குறைந்தபோதும் இப்படித்தான், "திருத்துனவங்க தப்புப்பா" என்று சாதித்தாள். மறுகூட்டல் போட்டோம். திருத்தினவர்கள் தப்பாகத்தான் கூட்டியிருந்தார்கள். அது வேறு விஷயம்.

சாப்பிட்ட கையோடு இரண்டு பேரும் கூடத்தில் பாயை விரித்துச் சாய்ந்துவிட்டார்கள். மூன்று நாளாக மலையில் ஏறி இறங்கின அலுப்பு. சாவி டிவி மேலே கிடந்தது. நான் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய் பானட்டைத் திறந்தேன்.

உள்ளே கம்பி போட்டிருந்த லட்சணத்தைப் பார்க்கணுமே! பம்புக்கு பேட்டரியிலிருந்து நேராக லைன் கொடுத்திருக்கிறார்கள். நேராகக் கொடுத்தால் வண்டியை நிறுத்தின பிறகும் ஓடத்தானே செய்யும்? காட்டு மோட்டாரில் இந்த வேலையை எந்த எலக்ட்ரீசியனாவது செய்தால் அவனைக் கிணற்று மேட்டில் ஏற விடமாட்டார்கள். கடையிலிருந்து ஒரு ரிலே எடுத்து வந்தேன். அந்த லைனைக் கத்தரித்து நடுவில் ரிலேவை வைத்து, சாவி திருகினால்தான் பம்புக்குக் கரண்ட் போகும்படி செய்துவிட்டேன். சாவியை அணைத்தால் பம்பும் அணைந்துவிடும். அடக்கம். இருபத்தைந்து நிமிஷ வேலை. ஜாயிண்ட் மேலே பருத்தி நாடாவை மூன்று சுற்றுச் சுற்றி, என் முடிச்சைப் போட்டு, ஒரு பூச்சு வார்னிஷும் அடித்தேன்.

என் முடிச்சு என்று ஒன்று இருக்கிறதுங்க. உள்ளே ஒரு மடக்கு, வெளியே ஒரு மடக்கு, அடியில் ஒரு குத்து. மோட்டார் எரிந்தாலும் முடிச்சு அவிழாது. கோகி பள்ளிக்கூடம் போகும்போது மயிலாத்தா காலை ஷிப்டுக்கு மில்லுக்குப் போய்விடுவாள், நான்தான் சடை பின்னி ரிப்பன் கட்டி அனுப்புவேன். அதே முடிச்சு. சாயங்காலம் வந்தால் ரிப்பனைக் கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வருஷத்துக்கு எத்தனை ரிப்பன்! ஆனால் ஒரு நாளாவது பள்ளிக்கூடத்தில் அவள் தலை கலைந்ததா, கேட்டுப் பாருங்க.

அவளிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமே என்று பார்க்கிறீங்க. தெரிகிறது. சொன்னால் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்று சொன்ன பிறகு செய்தால் அது தப்பு. சொல்வதற்கு முன்னால் செய்துவிட்டால் அது உதவி.

சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் லாட்ஜுக்குப் போனார்கள். எட்டுக் கிலோமீட்டர், மெதுவாகத்தான் போனார்களாம். எஞ்சினில் சூடில்லை, நிறுத்தின பிறகு ஓட வேண்டிய அவசியமில்லை என்று பெட்டியே முடிவு செய்துகொள்ளுமாம். அதனால் பம்ப் கம்மென்று இருந்ததை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் நான் பஸ் ஏறிக் கோத்தகிரிக்குப் போய்விட்டேன். அவர்கள் எங்கே நிறுத்துவார்கள் என்பதை ஜெபின் ரசம் குடிக்கும்போதே சொல்லியிருந்தான். தூக்குப்போசியில் எலுமிச்சஞ்சாதம். ஒரு டீக்கடை ஓரமாக நின்றேன். பத்தே முக்காலுக்குக் கார் வந்தது. பின்னாலேயே இன்னொரு வண்டியில் புனேக்காரர்கள். அதில் தலைவர் மாதிரி இருந்தவர் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். கோகி என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா, நீங்க எங்கப்பா இங்க?"

"சும்மா கண்ணு. குளுருக்கு."

மேட்டில் ஏறி வந்த கார், அனல் அடிக்கிறது. ஜெபின் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கோகி அந்தத் தொப்பிக்காரரிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். என் பிள்ளை பேசின இங்கிலீஷில் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை தம்பி, அவ்வளவு நன்றாகப் பேசினாள். இனிமேல்தான் முக்கியமான கட்டம் என்பது மட்டும் தெரிந்தது. எல்லாரும் காரைச் சுற்றி நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவள் கையை நீட்டிச் சாவியை அணைத்தாள்.

ஒரு சத்தம் இல்லை. எறும்பு ஊர்ந்தால் கேட்கும்.

நான் கை தட்டினேன்.

நான் மட்டும்தான் தட்டினேன். யாரும் சேர்ந்து தட்டவில்லை. அப்புறம் நிறுத்திவிட்டேன்.

ஜெபின் கம்ப்யூட்டரைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தான். "தொண்ணூத்தியெட்டு... நூத்தி நாலு... அக்கா, ஏறிட்டிருக்கு. நூத்திப் பதினொண்ணு." நூற்றுப் பதினெட்டு என்றான். அப்போது உள்ளே குடுகுடுவென்று ஒரு சத்தம், மூடி ஓரமாகப் பச்சைத் தண்ணீர் பொங்கி வழிந்தது, ஒரே ஆவி. தொப்பிக்காரர் இரண்டு எட்டுப் பின்னால் போனார். டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். பொங்குகிற பாலைப் பார்த்துப் பழகினவர், "கீழ எறக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆவி அடங்கின பிறகு கோகி பானட்டைத் தூக்கினாள். குனிந்து பார்த்தாள். அப்புறம் அங்கேயிருந்தே, திரும்பாமல், சொன்னாள்.

"அப்பா, இது உங்க முடிச்சு."

"ஆமா கண்ணு" என்றேன். "அவுறாது."

நான் என்ன பொய்யா சொன்னேன்? அவ்வளவு சூட்டிலும் அவிழவில்லையே தம்பி!

தொப்பிக்காரர் என்னைக் காட்டி என்னவோ கேட்டார். இவள் பதில் சொன்னாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று பிற்பாடு ஜெபினைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இவர் யார் என்று கேட்டிருக்கிறார். எங்கப்பா என்றிருக்கிறாள். பம்ப் ஏன் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறார். "பம்ப் சொன்னதைச் செஞ்சுது. ஆனா சொன்னது ரெண்டு பேரு" என்றிருக்கிறாள். வெளியாள் கம்பியைக் கத்தரித்துவிட்டார், எங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அப்படித்தான் சொல்லச் சொல்லி ஜெபினும் கண்ணைக் காட்டினானாம். இவள் கேட்கவில்லை. "என் பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கணும். யாரோ லைன்ல கை வெச்சிருக்காங்கன்னு அதுக்குத் தெரியாமப் போனது என் தப்பு" என்றாளாம்.

கேட்டுக்கொண்டீங்களா? அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், தப்பு அவளுடையது என்று. நான் சொல்லவில்லை. இதை மயிலாத்தாவிடம் சொன்னபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுகூடவா உங்களுக்குப் புரியல?" என்றாள். எல்லாம் புரிந்ததால்தானே சொல்கிறேன்?

புனேக்காரர்கள் போய்விட்டார்கள். அடுத்த கோடையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். பிற்பாடு இவளுடைய கம்பெனியில் தலைமை வேலையை வேறொருத்தருக்குக் கொடுத்து, இவளை அவருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அன்றைக்கு அங்கேயே நான் எலுமிச்சஞ்சாதத்தை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். "வீட்டுக்குப் போங்கப்பா" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான். இது திட்டாத கோபம். இதற்கு என்ன ஸ்பேர் போடுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

பதின்மூன்று மாசம் ஆகிறது. தீபாவளிக்கு வரவில்லை. தைப்பொங்கலுக்கு வரவில்லை. அம்மாவுக்குப் போன் வரும், நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். "அப்பா நல்லாருக்காரா?" என்று கேட்பாள். "இருக்காரு" என்பாள் மயிலாத்தா. அதோடு சரி. நான் போனை வாங்கினால் லைன் கிடைக்காது. கோகிக்கு நெட்வொர்க் போய்விடுகிறதாம். ஓசூரில் என்ன நெட்வொர்க் வைத்திருக்கிறார்களோ, அம்மா காதுக்குக் கிடைக்கிறது, அப்பன் காதுக்குக் கிடைப்பதில்லை.

தொப்பூர் மேடு வந்துவிட்டது பாருங்க. வண்டி எப்படி முக்குகிறது! இரண்டாவது கியர். நல்ல டிரைவர், அதட்டாமல் ஏற்றுகிறார். ஏறட்டும். நான் முடித்துவிடுகிறேன்.

போன வாரம் ஜெபின் போன் பண்ணினான். "அங்கிள், பாஸாகிட்டு! கோத்தகிரியில மறுபடி ஏத்திக் காட்டினோம். அவங்க ஓகே சொல்லிட்டாங்க. அக்காவைத் திரும்பத் தலைமையில போட்டாச்சு" என்றான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடுத்து ஒன்று சொன்னான் பாருங்க, இதற்காகத்தான் பேரை மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இந்த ஒரு வருஷமாகக் கோகி உட்கார்ந்து பெட்டிக்குப் புதுசாக ஒரு பரிசோதனை எழுதியிருக்கிறாள். சாவியை அணைத்த பிறகும் பம்புக்கு வருகிற லைன் உயிரோடு இருக்கிறதா என்று பெட்டி ஒவ்வொரு தடவையும் தடவிப் பார்க்கும். யாராவது கை வைத்திருந்தால் கண்டுபிடித்து, அடுத்த தடவை வண்டி எடுக்கும்போது மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். அந்தப் பரிசோதனைக்கு ஆபீசில் என்ன பேர் தெரியுமா?

ஆறுக்குட்டி.

சத்தியமாகங்க. "விளக்கு எரிஞ்சா, ஆறுக்குட்டி வந்துட்டாருன்னு சொல்லுவோம் அங்கிள்" என்றான். எப்படிப் பாசம் பாருங்க! கோபத்திலும் அப்பன் பேரைத்தான் வைத்திருக்கிறாள். நாளைக்கு இந்தியா முழுக்க எத்தனை கார் ஓடும், அத்தனை காருக்குள்ளேயும் ஆறுக்குட்டி உட்கார்ந்து காவல் காப்பான். அப்பன் பேரைக் கட்டிடத்துக்கு வைத்தவர்கள் உண்டு, பஸ்ஸுக்கு வைத்தவர்கள் உண்டு. பம்புக்குள் வைத்தவர்கள் உண்டா? ஊரில் சொன்னேன். கடைக்கு எதிரில் உரக்கடை வைத்திருக்கிற பெட்டண்ணன் மட்டும், "திருடனைப் புடிக்கற வெளக்குக்குத் திருடன் பேரையே வெச்ச மாதிரியல்ல இருக்குது?" என்றார். பொறாமைங்க. அவருக்கு மகன்கள் இரண்டு பேர், ஒருத்தனும் அவர் பேரை எங்கேயும் வைக்கவில்லை.

முந்தாநாள் கோகியிடமிருந்து என் போனுக்கே ஒரு செய்தி வந்தது. பதின்மூன்று மாசத்தில் முதல் செய்தி. இருங்க, காட்டுகிறேன். இதோ. 'அப்பா வாங்க. டெஸ்டர் எடுத்துட்டு வராதீங்க.' அவ்வளவுதான். ஏழெட்டுத் தடவை படித்தேன். இதில் 'வாங்க' என்று இருக்கிறது இல்லையா? இருக்கிறதுதானே? சரி.

மயிலாத்தா கிளம்பும்போது சட்டைப் பையைத் தடவி டெஸ்டரை எடுத்துவிட்டாள். கண்டிஷனும் போட்டாள். "போனதும் மொதல் வார்த்தை, 'தப்பு என்னுதுதான் கண்ணு'ன்னு சொல்லோணும். அதைச் சொல்லாம கச்சாயத்தைப் பிரிக்கக் கூடாது." எப்படிங்க சொல்வது? மகளே தன் தப்பு என்று பத்துப் பேர் முன்னால் ஒத்துக்கொண்டதை நான் போய் மறுத்தால் அவளை நான் மதித்ததாகுமா? ஆனால் வேறு என்ன பேசுவது என்றும் தெரியவில்லை தம்பி. கோயமுத்தூரிலிருந்து சேலம் வரைக்கும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நல்லாயிருக்கியா கண்ணு என்று கேட்கலாம். அதற்கு நல்லாயிருக்கேன்ப்பா என்பாள். அப்புறம்? கதவைத் திறந்து அவள் நிற்பாள், நான் நிற்பேன், நடுவில் கச்சாயம் இருக்கும். அதற்காகத்தான் அந்த டப்பாவைக் கொண்டுவந்தேன். ரிலேதான். போன தடவையைவிடப் பெரியது. நான் தொட மாட்டேன், அவளே வைத்துக்கொள்ளட்டும். சும்மா, பேச ஒரு பொருள் வேண்டும் என்றுதான்.

மேடு முடிந்துவிட்டது. ஹோட்டலில் நிறுத்துகிறார். டீ சாப்பிடலாம், வாங்க, இறங்கலாம்.

கொஞ்சம் இருங்க. கேட்கிறதா? எல்லாரும் இறங்கியாச்சு, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. டிரைவர் ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மறந்துவிட்டாரோ? கேட்டுவிடுகிறேன்.

"ஏனுங்க டிரைவர், வண்டி நின்னு நேரமாச்சு. எஞ்சினை நிறுத்தலீங்களா?"

"மேடு ஏறி வந்திருக்குதுங்க பெரியவரே. ரெண்டு நிமிசம் ஓடட்டும். பட்டுனு நிறுத்துனா தண்ணி நின்னுரும், சூடு நிக்காது."

கேட்டீங்களா தம்பி? கேட்டீங்களா! இதுதானுங்க அனுபவம். எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுப்பார்கள் இதை? இரண்டு வருஷம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், பெட்டி வேண்டாம். நாலே வார்த்தை. தண்ணி நின்னுரும், சூடு நிக்காது. என்ன அழகு! முப்பத்திரண்டு வருஷம் பம்போடு கிடந்த எனக்கே இது தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

கிடைத்துவிட்டதுங்க. ஓசூரில் அவள் கதவைத் திறந்ததும் முதல் வார்த்தையாக இதைத்தான் சொல்லப்போகிறேன். பாவம், பிள்ளை எத்தனை நாள் தலையை உடைத்துக்கொண்டு எழுதியிருப்பாள், இதை ஒருத்தராவது அவளுக்கு எடுத்துச் சொல்லியிருப்பார்களா? மறப்பதற்குள் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். உங்களிடம் பேனா இருக்கிறதா?

ஏன் தம்பி சிரிக்கிறீங்க? பேனாவைக் கொடுங்க.